பட்டியலில் எழுதாத வரி

அந்தப் படகின் சாமான் பட்டியல் நான்கு பக்கம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதித் தரும்படி அதன் சொந்தக்காரர் என்னிடம் கேட்டார். திருகோணமலையில் கப்பல் முகவர் அலுவலகமொன்றில் எழுதுவினைஞனாக முப்பது வருடத்தை ஓட்டியவன் நான். வெளிநாட்டிலிருந்து பாய்விரித்து வரும் சிறு படகுகளுக்குத் துறைமுகத்திலும் சுங்கத்திலும் குடிவரவிலும் கடுதாசி வேலை பார்ப்பதற்கு ஒரு முகவர் வேண்டும். அந்த வகையில் இப்படிப்பட்ட படகுகள் பலவற்றில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஆனால் ஒன்றை விற்றுக் கொடுக்கும் வேலை அதுவரை எனக்கு வந்ததில்லை.

படகு முப்பத்தெட்டு அடி. 1979இல் கண்ணாடி நார் கொண்டு கட்டப்பட்டது. ஒற்றைப் பாய்மரம். ஆழமான, நீண்ட ஏரா. பட்டியலின் முதற் பக்கத்தில் எஞ்சின்: பேர்க்கின்ஸ் 4108, ஐம்பது குதிரை வலு. பிறகு நங்கூரங்கள் மூன்று. அதில் பெரியது 45 இறாத்தல் சீ.கியூ.ஆர். கலப்பையைப் போன்ற வடிவம். 1933இல் அதைக் கண்டுபிடித்தவர் ஜெப்ரி டெய்லர் என்ற இங்கிலாந்துப் பௌதிகவியலாளர். அறுபது மீற்றர் சங்கிலி. மின்சாரம் எதுவுமில்லாமல் காற்றின் திசையை மட்டும் வைத்துக்கொண்டு இரவு முழுக்கத் தானே சுக்கான் பிடிக்கும் ஏரீஸ் என்ற கருவி. நான்கு சூரியத் தகடுகள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம். றேடார். சுற்றியுள்ள கப்பல்களின் பெயரையும் வேகத்தையும் திரையில் காட்டும் ஏ.ஐ.எஸ். படகு மூழ்கினால் செய்மதிக்கு அபாயச் செய்தி அனுப்பும் கருவி. ஆறு பேருக்கான உயிர்காப்பு மிதவை, கடைசியாகச் சோதித்தது 2018. பாய் தைக்கும் கைமெசின். பிரஷர் குக்கர் இரண்டு. மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி: 'பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் அனைத்தும் 2015இல் புதிதாக மாற்றப்பட்டவை.'

அந்த வரியை நான் அப்படியே தமிழில் எழுதினேன். அது பொய்யில்லை. பட்டியல் முழுவதிலும் பொய் என்று ஒரு சொல் இல்லை.

அவரும் மனைவியும் 2020 பெப்ரவரியில் லங்காவியிலிருந்து புறப்பட்டு, அந்தமானைக் கடந்து, வாடைக் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்கள். இரண்டு கிழமை தங்கி, தண்ணீரும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு மாலைதீவுக்குப் போவது திட்டம். மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு விழுந்தது. படகை விட்டு இறங்க அனுமதியில்லை. போகலாமென்றால் ஏற்றுக்கொள்ள எந்தத் துறைமுகமும் இல்லை. அஷ்ரப் இறங்குதுறையில் நின்று நான் கைகாட்டுவேன், அவர்கள் மேல்தட்டில் நின்று கைகாட்டுவார்கள். மரக்கறிப் பையை வள்ளக்காரர் ஒருவர் கொண்டுபோய்க் கொடுப்பார். சித்திரை, வைகாசி இப்படியே கழிந்தது. அந்த அம்மாவுக்கு அப்போதே வருத்தம் தொடங்கியிருந்தது. ஜூலையில் விசேட விமானம் ஒன்றில் இருவரும் ஊருக்குப் போனார்கள். படகு நங்கூரத்தில் நின்றது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத தனி வேலையாக, மாதச் சம்பளத்துக்கு நான் ஏற்றுக்கொண்டேன்.

அவர் எனக்கொரு தாள் எழுதி வைத்துவிட்டுப் போனார். கிழமைக்கொரு தரம் செய்ய வேண்டியவை, மாதத்துக்கொரு தரம் செய்ய வேண்டியவை, மூன்று மாதத்துக்கொரு தரம் செய்ய வேண்டியவை. அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்க வேண்டும். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். சங்கிலியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட வேண்டும். செய்து முடித்ததும் பக்கத்தில் ஓர் அடையாளம் இட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரேவி சூறாவளி எங்கள் கரையைக் கடந்தது. அந்த மத்தியானம் நானும் வள்ளக்காரரும் போய் இரண்டாவது நங்கூரத்தை இறக்கிவிட்டு வந்தோம். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் படகு நின்ற இடத்திலேயே நின்றது. இதைச் சொல்வதற்குக் காரணம், நான் முழுச் சோம்பேறியாக இருக்கவில்லை என்று வாசிப்பவர்கள் அறிய வேண்டும் என்பதுதான்.

மூன்று மாதத்துக்கொரு தரம் செய்ய வேண்டியவற்றில் ஒன்று இது: பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், மேல்தட்டைத் துளைத்து உள்ளே இறங்கும் உருக்குப் பட்டைகளில் கொளுவப்பட்டிருக்கும். அந்தத் துளையைச் சுற்றிப் பூசியிருக்கும் பசை வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மூன்று தரம் குந்தியிருந்து, விரலால் அழுத்திப் பார்த்தேன். பிறகு நின்றபடி பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்காமலே அடையாளமிட்டேன். 2021 மாரி கடும் மாரி.

2022 ஜனவரியில் அவர் தனியாக வந்தார். மனைவி இனிக் கடலுக்கு வரமாட்டார் என்பதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு, பட்டியலை எடுத்து மேசையில் வைத்தார்.

இப்படியொரு பழைய படகை இங்கே விற்பது எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்ல வேண்டும். சாமான் பட்டியல் நீள நீள விலை கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி நடப்பதில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தைப் பல ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கிப் பூட்டியிருப்பார். வாங்க வருகிறவனுக்கு அது வயதுபோன இயந்திரம், நாளைக்குப் பழுதாகப்போகும் இன்னொரு சாமான். அவன் விலை கொடுப்பது உடம்புக்கும், பாய்மரத்துக்கும், எஞ்சினுக்கும்தான். மற்றதெல்லாம் சீதனத்தோடு வரும் பாத்திரம் பண்டம் மாதிரி. வெளிநாட்டார் வாங்குவதென்றால் விமானம் ஏறி வந்து பார்க்க வேண்டும். வாங்கினாலும் மேற்கே போவதற்குரிய காற்று ஜனவரியிலிருந்து மார்ச், மிஞ்சினால் ஏப்ரல் வரைதான். மேயில் கச்சான் எழும்பிவிட்டால் முகத்தில் அடிக்கும். அந்த வருடம் விலைப்படாத படகு அடுத்த வருடம் வரை சிப்பி வளர்க்கும். உள்ளூரார் வாங்கினால் அது இறக்குமதி. சுங்கம், அனுமதி, வரி என்று தனிக் கதை.

அவர் மனம் சோர்ந்திருந்த ஒரு நாளில் எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய கப்பலின் கதையைச் சொன்னேன். 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 'திரிங்கோமலி' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை 1897இல் உடைப்பவர்களுக்கு விற்றுவிட்டார்கள். உடைக்கப்படுமுன் வீற்லி கொப் என்பவர் அதை வாங்கிப் பிழைக்கவைத்தார். வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாக நெடுங்காலம் இருந்து, பிறகு பழைய பெயரையே திரும்பப் பெற்று, இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் மிதக்கிறது. அவர் சிரித்தார். "அது தேக்கு" என்றார்.

எங்கள் பக்கத்தில் பாய்க்கப்பல் விற்ற கதையென்றால் எல்லோரும் வல்வெட்டித்துறை அன்னபூரணியைத்தான் சொல்வார்கள். 1930இல் அங்கே கட்டப்பட்ட அந்தக் கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். ஏற்கெனவே ஒரு சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்த ஆள். தன் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டி, வல்வெட்டித்துறை மாலுமிகளையே ஏற்றி, 1938இல் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. விற்றவர்கள் இன்றுவரை பெருமை பேசுகிற விற்பனை அது. அப்படி எல்லோருக்கும் அமைவதில்லை.

வாங்க வந்தவன் என் மருமகன் முறை. ராத்தாவின் கணவர் வழிச் சொந்தம், கிண்ணியாக்காரன், முப்பத்தொரு வயது. ஒன்பது வருடம் டோஹாவில் படகுத் துறையொன்றின் பட்டறையில் வேலை செய்தவன். கண்ணாடி நார் உடைந்தால் ஒட்டுவான், எஞ்சின் இறக்கி ஏற்றுவான். மார்ச் தொடக்கம் ஓகஸ்ட் வரை திருகோணமலைக் கடலில் திமிங்கிலம் பார்க்க ஆட்கள் வருவார்கள். எல்லோரும் எஞ்சின் வள்ளத்தில் சத்தம் போட்டுக்கொண்டு துரத்துகிறார்கள். பாய் விரித்துச் சத்தமில்லாமல் கொண்டுபோனால் அதற்கென்று தனிக் கூட்டம் வரும் என்பது அவன் கணக்கு. வீடு கட்ட வைத்திருந்த காசு. மனைவியின் சம்மதத்தை வாங்க ஆறு மாதம் எடுத்தது என்று சொன்னான். சுங்க விசாரணைக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்திருந்தான். அனுமதிக் கடிதங்களெல்லாம் அதற்குள் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

ஒன்று மட்டும்: டோஹாவில் அவன் தொட்டவை எல்லாம் மோட்டார் படகுகள். பாய்மரம் அவனுக்குப் புதிது. படகு வாங்குமுன் வந்து பார்த்து அறிக்கை தரும் நிபுணர்கள் மற்ற நாடுகளில் இருக்கிறார்கள். இங்கே அப்படி யாரையும் பிடிக்க முடியவில்லை.

"மாமா பாத்தாக் காணும். நீங்க ஓடாவி ஊட்டுப் புள்ள" என்றான்.

அது உண்மை. என் வாப்பா மூதூரில் ஓடாவி. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில் அந்த நாளில் பாய் வள்ளங்கள் ஓடின. விறகும் நெல்லும் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வரும். புன்னையும் இலுப்பையும் தேடி எடுத்து வாப்பா வள்ளம் கட்டினார். பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிக்கும் சத்தத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். அவருடைய வாய்ச்சியும் உளிகளும் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. 2006 ஓகஸ்டில் மூதூரே எழும்பிக் கந்தளாய்க்கு ஓடியபோது அந்தப் பெட்டியைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது அது இருக்கவில்லை.

1984இல் கடலில் போக்குவரத்துக் கெடுபிடிகள் தொடங்கியதும் வாப்பா எங்கள் சொந்த வள்ளத்தை விற்றார். எனக்குப் பதினைந்து வயது. வாங்க வந்தவர் வள்ளத்தைச் சுற்றி நடந்து, தட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று விலை பேசத் தொடங்கினார். வாப்பா அவருடைய கையைப் பிடித்து, வள்ளத்தின் அணியத்துக்குக் கீழே கொண்டுபோய், பெருவிரலை ஒரு பலகையில் வைத்து அமுக்கினார். விரல் உள்ளே போனது. கடல் புழு தின்ற பலகை. வெளியே வர்ணம் சும்மா பளபளத்தது. வந்தவர் விலையை மூன்றில் ஒன்றாகக் குறைத்தார். வாப்பா சரியென்றார். வீட்டுக்கு வந்ததும் உம்மா சத்தம் போட்டாள். நானும் மனதுக்குள் சத்தம் போட்டேன். வாப்பா ஒன்றுதான் சொன்னார்: "ஐபச் சொல்லித்தான் விக்கணும். அவன் புள்ளைகளும் அதுலதான் ஏறுவாங்க." தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நபிகளாரின் செய்தியை அவர் எடுத்துச் சொல்லவில்லை. அவர் அதிகம் பேசுகிறவரில்லை.

மருமகன் முதலில் வந்து பார்த்தது பெப்ரவரி 9ஆம் திகதி. 18,000 டொலருக்குப் பேச்சு ஒப்பேறியது. டொலர் அப்போது வங்கியில் 203 ரூபா. முப்பத்தாறரை இலட்சம். டோஹாவிலிருக்கும் மச்சான் அங்கிருந்தே காசைக் கட்டுவார், இவன் இங்கே மச்சானின் வீட்டு வேலைக்கு ரூபாவாகக் கொடுப்பான். மார்ச் முதலாம் திகதி முற்பணம்.

12ஆம் திகதி, உள்ளே சாமான்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம், புத்தக அலுமாரிக்குப் பின்னாலுள்ள சிறு கதவைத் திறந்து டோர்ச் அடித்தபோது, உருக்குப் பட்டையின் மேல் நுனியிலிருந்து கீழே தேயிலைச் சாயம் போல ஒரு கோடு வழிந்திருந்தது. விரலால் தொட்டேன். ஈரம். பட்டை பதிந்திருந்த மரத்தை நகத்தால் அமுக்கினேன். நகம் போனது.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருக்கிறோம். அந்த உருக்கைக் காப்பாற்றுவது அதன் மேலுள்ள மிக மெல்லிய ஒரு படலம். காற்றுப் படும்வரை அந்தப் படலம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். காற்றுப் புகாத இடத்தில், ஈர மரத்துக்குள் உப்புத் தண்ணீரோடு அது வருடக்கணக்காக அடைபட்டுக் கிடந்தால் படலம் அழிந்து, உருக்கு உள்ளுக்குள்ளே வெடித்துப்போகும். வெளியில் தெரிகிற பகுதி கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருக்கும். நல்ல காற்றில் பாய் நிறைந்து நிற்கும்போது அந்தப் பட்டை அறுந்தால், கம்பி எவ்வளவு புதியதானாலும் பாய்மரம் விழும். 2015இல் மாற்றியது கம்பிகளைத்தான். பட்டைகள் 1979இல் பூட்டியவை.

பாய்மரம் இழந்த கப்பல் என்றால் மூதூர்க்காரனுக்கு வேறு நினைவு வராது. 1659 நவம்பரில் புயலில் பெருமரத்தை வெட்டியெறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் பூட்டுவதற்காகத்தான் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பித்தானும் அவருடைய மகன் றொபேட் நொக்சும் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தந்தை சிறையிருப்பிலேயே மௌத்தானார். மகன் பத்தொன்பது வருடம் கழித்துத் தப்பிப்போய் நாம் எல்லோரும் அறிந்த அந்தப் புத்தகத்தை எழுதினார். வெள்ளைக்காரன் மரம் என்று எங்கள் ஊரில் அதற்கொரு நினைவுக்கல் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதைத் தாண்டித்தான் வருவோம். ஒரு மரம் முறிந்ததால் எத்தனை பேருடைய சீவியம் திசை மாறியது என்று அப்போது யோசித்ததில்லை.

நான் கதவைச் சாத்திவிட்டுக் கரைக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

என் தரகு நூற்றுக்கு மூன்று, 540 டொலர். மகள் பேராதனையில் இரண்டாம் வருடம். அதனால் வாய் மூடியிருந்தேன் என்று சொன்னால் பாதி நேர்மை. பட்டையைச் சுற்றியிருந்த பசை வெடித்து இரண்டு மாரியின் தண்ணீர் இறங்கியது என் பொறுப்பில் படகு இருந்த காலத்தில். பார்க்காமல் இட்ட அடையாளங்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலில் படமாக இருக்கின்றன. கறையைக் காட்டினால் அதையும் காட்ட வேண்டும். காசை விட அதுதான் என் நாக்கைப் பிடித்தது. ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். சுபஹுக்கு எழும்பும்போது சொல்வதென்று இருக்கும், இறங்குதுறைக்கு வரும்போது இருக்காது. பதினேழு நாள்.

மார்ச் முதலாம் திகதி காலை மருமகன் தன் மனைவியையும் ஐந்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளை வந்த கையோடு பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து அண்ணாந்து பார்த்தது. எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்ததா என்று கேட்டால், அந்த நேரத்தில் எதுவும் வரவில்லை. கை நடுங்கியது. "மருமகன், கொஞ்சம் உள்ளுக்கு வாங்க" என்று கூட்டிப்போய் கதவைத் திறந்து, அவன் விரலைப் பிடித்து மரத்தில் வைத்தேன்.

சொந்தக்காரரிடமும் அடையாளங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தட்டிலிருந்து படகின் நாட்குறிப்பை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். செய்ய வேண்டிய வேலைகள், 2016. அதில் ஒரு வரி: பட்டைகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். 2017இன் பக்கத்திலும் அதே வரி. 2018, 2019இலும். ஒவ்வொரு வருடமும் கையெழுத்துக் கொஞ்சம் சிறிதாகியிருந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு நாளில் மருமகனே பட்டைகளைக் கழற்றினான். ஆறில் நான்கு தாங்கும் போலிருந்தது. ஐந்தாவதில் மயிரிழை போல வெடிப்பு. கறை வழிந்த அந்தப் பட்டை சாவி போட்டுத் திருகும்போதே இரண்டாகக் கையோடு வந்தது. சொந்தக்காரர் உடனே விலையை 15,000க்கு இறக்கினார். ஆறையும் புதிதாகச் செய்து பூட்டி, நனைந்த மரத்தை வெட்டியெடுத்துப் புதுப்பித்தால் படகு இன்னும் நாற்பது வருடம் ஓடும் என்று மருமகன் சொன்னான். அவனுக்குப் பயம் தெளிந்து உற்சாகம் வந்துவிட்டது. உருக்குப் பட்டை கொழும்பிலிருந்து வர வேண்டும். வந்ததும் முற்பணம் என்று பேச்சு.

மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவை அவிழ்த்துவிட்டது. முதலில் 230 வரை என்றார்கள். அந்த மாதம் முடியுமுன் டொலர் 290ஐத் தாண்டியது. 15,000 டொலர் இப்போது நாற்பத்துமூன்றரை இலட்சம். குறைத்த விலை, குறைக்காத பழைய விலையை விட ஏழு இலட்சம் கூடிப்போனது. கொழும்பிலிருந்து உருக்கு வந்தபோது கடைசல் பட்டறையில் மின்சாரமில்லை. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள். பட்டறைக்காரர் டீசல் வரிசையில் நின்றார். பட்டைகள் செய்து முடிய ஐந்து கிழமை. மேயில் டொலர் 360. மருமகனிடம் இருந்தது ரூபா, ஒன்பது வருட ரூபா, ஒவ்வொரு காலையும் அது இன்னும் கொஞ்சம் குறைந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு பின்னேரம், நோன்பு திறந்த பிறகு, வீட்டு வாசலில் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"மாமா, நீங்க சொல்லாம உட்டிருந்தா நான் அதுல புள்ளையக் கொண்டு போயிருப்பன். அல்லாஹ் காப்பாத்தினான்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கண்ட அண்டைக்கே சொல்லியிருந்தீங்கண்டா பெப்ரவரிக்குள்ள பட்டையும் பூட்டி, காசும் கட்டி முடிச்சிருப்பம். அப்ப கரண்டும் இருந்திச்சி. டொலரும் இருந்திச்சி" என்றான்.

உண்மையில் அப்படி முடிந்திருக்குமா என்பது வேறு. உருக்கு வரத் தாமதமாகியிருக்கலாம். சுங்கத்தில் இழுபட்டிருக்கலாம். அந்தப் பதினேழு நாளைக் கழித்துவிட்டு நான் எத்தனையோ தரம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், சில தரம் சரிவருகிறது, சில தரம் வருவதில்லை. அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

ஜூனில் சொந்தக்காரர் ஊருக்குப் போனார். போகுமுன் புதுப் பட்டைகள் ஆறையும் மருமகன்தான் பூட்டிக் கொடுத்தான், கூலிக்கு. பட்டியலின் மூன்றாம் பக்கத்தில் அந்த வரியை அவர் திருத்தினார்: கம்பிகள் 2015, பட்டைகள் 2022, இடது பக்கத்து மேல்தட்டு மரம் ஈரத்தால் பழுதடைந்து புதுப்பிக்கப்பட்டது. அத்தோடு நிற்கவில்லை. மிதவையைச் சோதிக்கும் காலம் கடந்துவிட்டது என்றும், குடிநீர் இயந்திரம் இரண்டு வருடம் ஓடாமல் இருந்தது என்றும் சேர்த்தார். நான்கு பக்கம் ஐந்தானது. இப்போதுதான் வாங்க வருகிறவன் பயப்படுவான் என்று நான் நினைத்தேன்.

2023 ஜனவரியில் வந்த வேறொரு பாய்ப்படகில் மாலுமியாக வேலை பார்த்த இளம் சோடியொன்று அந்த ஐந்து பக்கத்தையும் வாசித்துவிட்டு, ஐந்தாம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே படகை முழுக்கப் பார்த்தார்கள். ஏரீஸ் கருவியையும் சீ.கியூ.ஆர். நங்கூரத்தையும் அவர்கள் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை. 9,000 டொலர். பெப்ரவரியில் ஒரு காலை, துறைமுக வாயைக் கடந்து, பவுல் முனை வெளிச்சவீட்டை வலப்பக்கம் விட்டுத் தெற்கே திரும்பினார்கள். மூதூர்க் கரையிலிருந்து பார்த்தால் பாய் தெரிந்திருக்கும். நான் அலுவலகத்தில் இருந்தேன். தரகு 270 டொலர். அதை மருமகனிடம் கொடுக்கப் பார்த்தேன். அவன் வாங்கவில்லை. மகளுக்கு அனுப்பினேன்.

அவன் 2023 நடுப்பகுதியில் திரும்பவும் டோஹாவுக்குப் போய்விட்டான், பழைய பட்டறைக்கே. கிண்ணியாவில் வீட்டுக்கு அத்திவாரம் மட்டும் போட்டிருக்கிறது. உடைந்த பட்டையின் ஒரு துண்டு என்னிடம் இருக்கிறது. மற்றத் துண்டை அவன் பயணப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனதாக அவன் மனைவி ராத்தாவிடம் சொன்னாள். ஏனென்று நான் கேட்கவில்லை.

போன மாதம் எடுத்தான். பிள்ளை படிப்பது, மழை, விலைவாசி எல்லாம் பேசி முடித்து, வைக்கிற நேரத்தில், "மாமா, வேற ஒண்டு வந்தாச் சொல்லுங்க. கொஞ்சம் சின்னதாப் பாருங்க" என்றான்.

இந்த முறை வாடையோடு வந்தவற்றில் ஒன்று முப்பத்திரண்டு அடி. சொந்தக்காரர் விற்கும் யோசனையில் இருக்கிறார். சாமான் அதிகமில்லை. எஞ்சின் நல்லது, பட்டைகள் வெளிப்பக்கம் பூட்டியவை, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. சுக்கானின் அடியில் ஒரு வெடிப்பு இருக்கிறது, அழுத்தினால் தண்ணீர் கசிகிறது. படம் எடுத்து அன்று பின்னேரமே அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அங்கே அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு.